வாசலில் நீட்டப்படும் மைக்: ஒரு படத்தின் முதல் வார்த்தைக்கு இவ்வளவு எடை எப்படி வந்தது?

பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாளில், காலை ஒன்பது மணிக் காட்சி முடியும் நேரத்தில், சென்னையிலோ மதுரையிலோ ஏதேனும் ஒரு திரையரங்கின் வாசலில் நின்று பார்த்தால், உள்ளே இருந்து வருகிறவர்களுக்காகப் பத்துப் பதினைந்து மைக்குகள் காத்திருப்பதைக் காணலாம். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சானலின் பெயர் தாங்கிய வண்ணப் பெட்டி மாட்டியிருக்கும். இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக இருட்டில் பேரொலியோடு உட்கார்ந்திருந்து, கண் கூசியபடி வெளியே வருகிறவரிடம் கேட்கப்படும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "படம் எப்படி இருக்கு ப்ரோ?" அவர் கால் நிமிடத்தில் ஏதோ சொல்கிறார். பிற்பகல் காட்சிக்கு டிக்கெட் எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கானவர்களின் கைப்பேசிக்கு அந்தக் கால் நிமிடம் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

2024ஆம் ஆண்டு நவம்பரில் இந்த மைக்குகளைப் பற்றிய சர்ச்சை தமிழ்நாட்டில் பெரிதாக வெடித்தது. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய படங்கள் முதல் நாள் விமர்சனங்களால் பாதிக்கப்பட்டன என்று சுட்டிக்காட்டிய தயாரிப்பாளர் சங்கம், முதல் காட்சி முடிந்ததும் திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சானல்கள் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க அனுமதிக்கக் கூடாது என்று திரையரங்க உரிமையாளர்களுக்கு வேண்டுகோள் விடுத்தது. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனங்களே வரக் கூடாது என்று கோரும் மனுவும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பர் தொடக்கத்தில் அம்மனுவை விசாரித்த நீதிமன்றம், விமர்சனம் கருத்துச் சுதந்திரத்துக்குள் அடங்குவது என்பதைச் சுட்டி, ஒட்டுமொத்தமாகத் தடை விதிக்க மறுத்துவிட்டது.

அந்த மறுப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் தயாரிப்பாளர்களின் பதற்றமும் வெறும் நடிப்பன்று. பல பேருடைய உழைப்பும் கடனும் அந்த மூன்று நாட்களின் மேல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. அவ்வளவு பாரத்தையும் மூன்று நாட்களின் மேல் ஏற்றியது யார் என்பதும், வாசலில் சொல்லப்படும் கருத்து எந்த வகைக் கருத்தாக மாறியிருக்கிறது என்பதும் இந்தச் சண்டையில் அநேகமாகப் பேசப்படவே இல்லை. இரண்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதால் கொஞ்சம் பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

படச்சுருள் இருந்த காலத்தில் ஒரு படம் ஊருக்கு வருவது என்றால் 'பெட்டி வருவது' என்று பொருள். பிரின்ட் எடுக்க ஆகும் செலவு கருதி, குறைந்த எண்ணிக்கையில்தான் பிரதிகள் போடப்பட்டன. மாநகரத்திலும் மாவட்டத் தலைநகரங்களிலும் உள்ள ஏ சென்டர் அரங்குகளில் படம் முதலில் ஓடும். அங்கே ஓடிக் களைத்த பிறகு அதே பெட்டி பி சென்டருக்கும், கோடுகள் விழுந்து சில அடிகள் வெட்டுப்பட்ட நிலையில் மாதக்கணக்கு கழித்துச் சி சென்டரின் கீற்றுக் கொட்டகைக்கும் போகும். ஆகவே சின்ன ஊர்க்காரர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றிய பேச்சு அவருக்கு முழுதாக வந்து சேர்ந்திருக்கும். மதுரைக்குத் துணி எடுக்கப் போன சித்தப்பா பார்த்துவிட்டு வந்து சொன்னது, கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர் சொன்னது, லாரி ஓட்டுநர் டீக்கடையில் சொன்னது என்று அது பல வாய்களில் இருந்து வரும். தொழிலில் இருப்பவர்கள் இதை இன்றும் 'மவுத் டாக்' என்றே சொல்கிறார்கள்.

இந்தப் பேச்சில் இருந்த முக்கியமான அம்சம், சொல்லுகிறவர் யார் என்பது கேட்கிறவருக்குத் தெரியும் என்பதுதான். சண்டைப் படம் என்றாலே முகம் சுளிக்கும் மாமா ஒரு சண்டைப் படத்தை 'பரவாயில்லை' என்று சொன்னால் அது பெரிய பாராட்டு. எல்லாப் படத்துக்கும் அழுகிற அத்தை அழுததை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. சொல்லின் எடையைச் சொன்னவரின் குணத்தைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளும் வேலையை ஒவ்வொரு குடும்பமும் தானாகவே செய்துகொண்டிருந்தது. எங்கள் பெரியம்மா கோவில்பட்டிக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தால், மறுநாள் மாலை தெருத் திண்ணையில் கதை நடக்கும். அவர் படம் நன்றாக இருந்ததா இல்லையா என்று ஒரு தடவைகூடச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. "அந்தப் பிள்ளை வீட்டை விட்டுப் போறப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு" என்பார். "அவன் தாய்கிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று கோபப்படுவார். படத்தைப் பார்க்கலாமா வேண்டாமா என்பதை நாங்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

வாய்ப்பேச்சுக்கு எவ்வளவு வலிமை இருந்தது என்பதற்கு 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' படத்தின் வரலாறு ஓர் எடுத்துக்காட்டு. அது சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் என்பது பலருக்குத் தெரியும். அந்த ஓட்டத்தின் பெரும்பகுதியில் அதன் நாயகன் எம். கே. தியாகராஜ பாகவதர் சிறையில் இருந்தார் என்பதை நாம் சேர்த்து நினைப்பதில்லை. நடிகர்களின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி எழுதி விற்பனையைப் பெருக்கிய 'இந்து நேசன்' இதழின் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகித் தண்டிக்கப்பட்டு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு சென்று, 1947இல்தான் விடுதலை பெற்றார்கள். வதந்தியும் வழக்கும் பத்திரிகைகளை நிரப்பிய அதே மாதங்களில், பிராட்வே அரங்குக்குள் போய் வந்தவர்கள் தாம் கண்டதையும் கேட்டதையும் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள், படம் ஓடிக்கொண்டிருந்தது. நடிகரைப் பற்றிய பேச்சும் படத்தைப் பற்றிய பேச்சும் இரு வேறு வாய்க்கால்களாகப் பிரிந்து ஓட முடிந்ததை இதில் காண்கிறோம். இன்று 'கங்குவா' போன்ற ஒரு படத்தைப் பற்றிய பேச்சில் நடிகரின் குடும்பம், அரசியல், முன்பு எப்போதோ மேடையில் சொன்ன ஒரு வாக்கியம் எல்லாம் படத்தோடு கலந்து ஒரே நீரோட்டமாக வருவதைப் பார்க்கும்போது, அந்தப் பிரிவினை எவ்வளவு பெரிய நன்மையாக இருந்தது என்று தோன்றுகிறது.

அச்சு விமர்சனமும் அக்காலத்தில் மெதுவாகவே வந்தது. கல்கி, 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் ஆடலையும் பாடலையும் பற்றி எழுதியதைப் படித்தவர்கள், விமர்சனத்தையே ஓர் இலக்கிய இன்பமாகக் கண்டார்கள். பிற்காலத்தில் விகடனின் விமர்சனக் குழு படங்களுக்கு மதிப்பெண் போட்டது. 1977இல் வெளியான '16 வயதினிலே' படத்துக்கு அது கொடுத்த 62.5 மதிப்பெண்ணை இன்றும் சிலாகித்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நூற்றுக்கு அறுபத்திரண்டரை என்பது பள்ளிக்கூடக் கணக்கில் சாதாரண மதிப்பெண். அது ஒரு சாதனையாகப் பேசப்பட்ட அளவுக்கு அந்த அளவுகோல் கண்டிப்பாக இருந்தது. அதைவிட முக்கியமாக, வார இதழ் என்பதால் விமர்சனம் வருவதற்குள் படம் தன் முதல் சில நாட்களைக் கடந்திருக்கும். நூறு நாள் ஓட வேண்டிய படத்துக்கு ஒரு வாரத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. வெற்றியை நாட்களால் எண்ணிய காலம் அது: நூறாவது நாள், வெள்ளி விழா என்று சுவரொட்டியின் மேல் ஒட்டப்படும் துண்டுத் தாள்களே படத்தின் கணக்குப் புத்தகம்.

இந்த அமைப்பு உடைந்ததற்கு விமர்சகர்கள் காரணமல்லர். 2000களின் நடுவிலிருந்து, சென்னையிலேயே உருவான க்யூப் போன்ற டிஜிட்டல் திரையிடல் முறைகள் பரவியபோது, பிரதி எடுக்கும் செலவு என்ற தடை விலகியது. ஏ, பி, சி என்ற வரிசைமுறை கரைந்தது. தமிழ்நாட்டில் உள்ள ஆயிரத்துச் சொச்சம் திரைகளில் பெரும்பகுதியை ஒரே வெள்ளிக்கிழமை பிடித்துக்கொள்வது பெரிய படங்களுக்கு இயல்பாயிற்று. திருட்டு டிவிடிக்கும் பிறகு திருட்டு இணையதளங்களுக்கும் அஞ்சிய தயாரிப்பாளர்கள், பிரதி வெளியே கசிவதற்குள் பணத்தை எடுத்துவிட வேண்டும் என்று கருதியதில் நியாயம் இருந்தது. அடுத்து ஓடிடி வந்தது. பெரும்பாலான தமிழ்ப் படங்கள் நான்கே வாரத்தில் வீட்டுத் திரைக்கு வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பிறகு, திரையரங்கில் ஐந்தாவது வாரம் என்ற ஒன்று நடைமுறையில் இல்லாமலே போயிற்று.

வியாபாரக் கணக்கும் இதே திசையில் இழுக்கிறது. செங்கல்பட்டு, கோவை, மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சை, திருநெல்வேலி-கன்னியாகுமரி என்று பிரிக்கப்பட்ட ஏரியாக்களை விநியோகஸ்தர்கள் எடுக்கிறார்கள். மினிமம் கேரண்டி முறையில் எடுத்தவர், வசூல் வந்தாலும் வராவிட்டாலும் ஒப்புக்கொண்ட தொகையைக் கொடுத்தாக வேண்டும். திரையரங்கோடு பங்கு பிரிக்கும்போது முதல் வாரத்தில் விநியோகஸ்தர் பக்கத்துக்குக் கூடுதல் விழுக்காடும், வாரம் செல்லச் செல்லத் திரையரங்குக்குக் கூடுதல் விழுக்காடும் போவது வழக்கம். ஆகவே படத்தை எடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் முதல் வாரம் மட்டுமே உண்மையான வருமானக் காலம். அந்த வாரத்துக்குள்ளும் வெள்ளி, சனி, ஞாயிறு என்ற மூன்று நாட்கள். நாயகனின் சம்பளம் உயர உயர, அந்த மூன்று நாட்களில் எடுத்தாக வேண்டிய தொகையும் உயர்கிறது. இப்படி ஒரு மலையைக் கட்டி எழுப்பியது திரைத்தொழிலே. அதன் அடிவாரத்தில் ஒருவர் 'சுமார்' என்று சொன்னால் மலை ஆடுகிறது என்றால், ஆட்டத்தின் காரணத்தை அவருடைய வாயில் மட்டும் தேடுவது முழுமையாகாது.

இதில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு நேரச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. 2023 பொங்கலுக்கு வந்த படம் ஒன்றின் நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தில், சென்னையில் நகர்ந்துகொண்டிருந்த லாரியின் மேல் ஏறிய இளைஞர் ஒருவர் விழுந்து இறந்தார். அதன் பிறகு அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி நின்று, முதல் காட்சி காலை ஒன்பது மணிக்கே என்றாயிற்று. அந்த முடிவு தேவையானது; ஓர் உயிரைவிட எந்த முதல் காட்சியும் பெரிதன்று. ஆனால் அண்டை மாநிலங்களில் அதே படம் விடிவதற்கு முன்பே ஓடத் தொடங்குகிறது. 2023 அக்டோபரில் 'லியோ' வெளியானபோது கேரளத்தில் காலை நான்கு மணிக்கே காட்சி. இங்கே ஒன்பது மணி. தமிழ்ப் படத்தைப் பற்றிய முதல் கருத்து பாலக்காட்டில் இருந்து வருகிறது, அது பொள்ளாச்சியில் டிக்கெட் கிழிக்கப்படுவதற்கு முன்பே வந்து சேர்கிறது. முன்பு மதுரைப் பேச்சு கீற்றுக் கொட்டகைக்கு வர மாதங்கள் எடுத்துக்கொண்ட பாதையை இன்றைய பேச்சு சில மணி நேரத்தில் கடந்துவிடுகிறது.

கருத்து எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைவிட, வாசலில் என்ன சொல்லப்படுகிறது என்பதையே நான் அதிகம் கவனித்து வருகிறேன். பல மாதங்களாக இந்தக் கால் நிமிடப் பேச்சுகளைக் கேட்டு, திரும்பத் திரும்ப வரும் தொடர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக்." "இன்டர்வல் பிளாக் வேற லெவல்." "பிஜிஎம் தெறி." "எமோஷனல் கனெக்ட் ஆகலை." "ஃபேமிலியோட ஒருதடவை பார்க்கலாம்." இவற்றில் பாதிச் சொற்கள் பார்வையாளரின் சொற்களே அல்ல. இன்டர்வல் பிளாக் (இடைவேளைக்கு முந்தைய காட்சித் தொகுதி), ஸ்க்ரீன்பிளே (திரைக்கதை), பிஜிஎம் (பின்னணி இசை), கனெக்ட் ஆகியவை இயக்குநரும் தயாரிப்பாளரும் கதை விவாத அறையில் உட்கார்ந்து பேசும் தொழிற்சொற்கள். இசை வெளியீட்டு விழாக்களும் நேர்காணல்களும் 'மேக்கிங்' காணொளிகளும் அவற்றைப் பத்திருபது ஆண்டுகளாக வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டன. ஆகவே மைக் நீட்டப்பட்டதும், படம் தனக்கு என்ன செய்தது என்று சொல்ல வேண்டியவர், படத்தைச் சரக்காகப் பார்க்கும் ஒருவருடைய இடத்தில் போய் நின்றுகொண்டு பேசுகிறார்.

சலிப்பைச் சொல்லும் சொற்களும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்திருக்கின்றன. எங்கள் மூத்தவர்கள் 'இழுவை' என்றார்கள். ஜவ்வு மிட்டாய் போல இழுக்கிறது என்பார்கள். அடுத்து வந்தவர்கள் 'அறுவை' என்றும் 'பிளேடு' என்றும் சொன்னார்கள். அதற்கடுத்து 'மொக்கை' வந்தது. அறுவையும் பிளேடும் கூர்மையால் வரும் வேதனையைச் சொன்னவை. மொக்கை, மழுங்கிப்போன கருவியைச் சொல்வது. நேர் எதிரான இரண்டு உருவகங்கள் ஒரே சலிப்பைக் குறித்திருக்கின்றன என்பதில் மொழியின் உயிர்ப்பு தெரிகிறது. இன்றைய 'லேக்' கணினியில் இருந்து வந்த சொல். இழுவை, அறுவை, மொக்கை ஆகிய மூன்றும் சொல்லுகிறவரின் உடம்பு எதையோ அனுபவித்ததைக் காட்டின. லேக் என்பதோ, எந்திரம் எதிர்பார்த்த வேகத்தில் ஓடவில்லை என்ற புகார்.

'பார்க்கலாம்' என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். என் பெரியம்மா பேசியதெல்லாம் தன்மையில்: அழுதேன், நெஞ்சு அடைத்தது, கோபம் வந்தது. வாசலில் நிற்பவர் தன்மையைக் கைவிட்டு 'லாம்' என்ற விகுதிக்கு வந்துவிடுகிறார். 'ஒருதடவை பார்க்கலாம்' என்பது தான் பார்த்ததைப் பற்றிய சொல் அன்று; பிறருக்கு வழங்கப்படும் அனுமதி. 'ஃபேமிலியோட பார்க்கலாம்' என்கிறபோது அவர் தன்னோடு வராத ஒரு குடும்பத்தின் சார்பில் பேசுகிறார். 'பி, சி சென்டர்ல பிச்சுக்கும்' என்கிறபோது, தான் ஒருபோதும் போயிராத ஓர் ஊரின் சார்பில் பேசுகிறார். இன்னும் ஒரு படி மேலே போய், "போட்ட காசை எடுத்துடுவாங்க" என்று தயாரிப்பாளரின் வங்கிக் கணக்கைப் பற்றியும் சொல்கிறார். இவை அனைத்தும் முன்கணிப்புகள். தனக்குப் பிடித்ததா என்ற எளிய செய்தி இவற்றில் எங்கோ தொலைந்துவிடுகிறது.

அவரைக் குறை சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. பின்னால் கூட்டம் தள்ளுகிறது, முன்னால் வெளிச்சம், பக்கத்தில் நண்பர்கள், கேள்வியோ 'எப்படி இருக்கு' என்ற பொதுக் கேள்வி. தனக்குள் நடந்த ஒன்றுக்குச் சொல் தேடுவதற்கு ஒரு டீ குடிக்கும் நேரமாவது வேண்டும். பேருந்தில் வீடு திரும்பும் நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. பல படங்கள் மறுநாள் காலையில்தான் மனத்துக்குள் வேலை செய்யத் தொடங்குகின்றன. 2003 பொங்கலுக்கு வந்தபோது வசூலில் தோற்ற 'அன்பே சிவம்', தொலைக்காட்சியில் பார்க்கப் பார்க்க ஒரு தலைமுறையின் விருப்பப் படமாயிற்று. 2010இல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' முதலில் குழப்பத்தோடு வரவேற்கப்பட்டு, பிறகு பல ஆண்டுகளாக விவாதிக்கப்படுகிறது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு முதல் நாள் வெளியே வந்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்போது கிடைத்தது அவ்வளவுதான்.

அந்த முதல் நாள் வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதும் ஒரு கேள்வி. முதல் காட்சியின் கூட்டத்தில் மிகப் பெரும்பாலானோர் இளைஞர்கள், அதிலும் ஆண்கள், அதிலும் ரசிகர் மன்றத் தொடர்பு உள்ளவர்கள். போட்டி நடிகரின் ரசிகர்களும் அதே கூட்டத்தில் இருப்பார்கள். 'லேடீஸ் கூட்டம் வரத் தொடங்கிவிட்டால் படம் நின்று ஓடும்' என்பது இத்தொழிலின் பழைய பாடம். வீட்டு வேலை முடிந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து மேட்னிக்குப் போவது வார நாட்களில். அதுவும் முதல் வாரத்தின் நெரிசல் அடங்கிய பிறகு. அவர்களுடைய கருத்தே ஒரு படத்தை ஐம்பது நாளுக்கும் நூறு நாளுக்கும் தூக்கிச் சென்றது. இப்போது அவர்கள் புறப்படுவதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டு, காட்சிகள் குறைக்கப்பட்டு, படம் வசதியில்லாத நேரத்துக்கு மாற்றப்பட்டுவிடுகிறது. யூடியூபில் 'மக்கள் கருத்து' என்ற தலைப்பில் வருவதில் மக்களின் பாதிக்கு மேற்பட்டோர் இல்லை என்பதை நாம் கவனிக்காமலேயே பழகிவிட்டோம்.

பணத்தைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். பாராட்டுக்குக் காசு கொடுக்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டும், கொடுக்காவிட்டால் தாக்கப்படுகிறோம் என்ற குற்றச்சாட்டும் தொழிலுக்குள்ளேயே இரு பக்கமும் எழுகின்றன. இதற்கு ஏற்கெனவே விதிகள் உண்டு. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் சமூக ஊடகப் பிரபலங்களுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பணமோ பரிசோ வேறு ஆதாயமோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைப்பவர் அந்தத் தொடர்பை எளிதில் புரியும்படி அறிவிக்க வேண்டும் என்று விளக்கமாகக் கூறியது. மீறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி மீறினால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. ஒரு படத்தின் டிக்கெட்டும் நுகர்பொருள்தான். மூன்று நாள் மௌனம் கேட்கும் சங்கங்கள், இந்த அறிவிப்பு விதியைத் திரைவிமர்சனத்திலும் விளம்பரத்திலும் கண்டிப்பாகச் செயல்படுத்தும்படி கேட்டிருந்தால், நான் அவர்கள் பக்கம் நின்றிருப்பேன். அப்படிக் கேட்டால், வெளியீட்டுக்கு முதல் நாள் இரவே 'பிளாக்பஸ்டர்' என்று எழுதுகிறவர்களும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

தடை என்ற யோசனையில் ஓர் ஆழமான முரணும் இருக்கிறது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்துக்குத் தரப்பட்ட தணிக்கைச் சான்றிதழை, அதன் கருத்துக்கு எதிர்ப்பு இருப்பதைக் காரணமாகக் கொண்டு, சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தயாரிப்பாளர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1989 மார்ச்சில் வந்த தீர்ப்பு படத்தின் பக்கம் நின்றது. அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துச் சுதந்திரத்தை, எதிர்ப்பார்களோ வன்முறை வருமோ என்ற அச்சத்தைக் காட்டி நசுக்க முடியாது என்று அது விரிவாகச் சொன்னது. இன்றுவரை ஒரு படத்தை வெளியிட விடாமல் யாராவது மிரட்டும்போதெல்லாம் திரையுலகம் கையில் எடுக்கும் கேடயம் அந்தத் தீர்ப்புதான். அதே பிரிவுதான் வாசலில் நிற்பவரின் வாயையும் காக்கிறது. படத்துக்கு அதைக் கேட்டுவிட்டுப் பார்வையாளருக்கு மறுப்பது எந்த வழியிலும் பொருந்தாது. அவதூறுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. ஒரு நடிகையின் உடலைப் பற்றியோ ஒருவரின் சாதியைப் பற்றியோ விமர்சனம் என்ற பெயரில் பேசுகிறவர்மேல் அதைக் கொண்டு நடவடிக்கை எடுக்க யாரும் தடுக்கவில்லை.

கேரளம் இந்தச் சிக்கலை நம்மைவிட ஓராண்டு முன்பே நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. 2023 அக்டோபரில் ஒரு படத்துக்கு எதிராகத் திட்டமிட்டு எதிர்மறை விமர்சனம் பரப்பியதாகக் கொச்சிக் காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. உயர் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 2024 மார்ச்சில் அளித்த அறிக்கை, படம் வெளியாகி 48 மணி நேரம் வரை விமர்சனங்களைத் தவிர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் நாற்பத்தெட்டு மணி நேர மௌனம் யாருக்கு உதவும் என்று பார்க்க வேண்டும். பெரிய நடிகரின் படத்துக்கு அந்த மணி நேரங்களில் விளம்பரமே பேசிக்கொள்ளும். அரங்கு எப்படியும் நிரம்பும். பெயர் தெரியாத நடிகர்களின் படத்துக்குப் பேச வேறு வாயே கிடையாது.

1999 டிசம்பரில் வெளியான 'சேது' படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் நீண்ட காலம் தயங்கினார்கள். மிகச் சில காட்சிகளோடு தொடங்கிய அது, பார்த்துவிட்டு வந்தவர்களின் பேச்சால் மட்டுமே அரங்கு அரங்காக வளர்ந்து, தமிழ் சினிமாவின் போக்கில் ஒரு திருப்பமாயிற்று. அதற்குச் சில வாரங்கள் தேவைப்பட்டன. அன்று வாரங்கள் இருந்தன. 2025 மே 1ஆம் தேதி, சூர்யாவின் 'ரெட்ரோ' வெளியான அதே நாளில் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி', இலங்கையில் இருந்து தப்பி வந்து சென்னையில் குடியேறும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. முதல் நாளில் அதற்கு இருந்த இடம் சிறியது. அதைப் பார்த்துக் கண் கலங்கி வெளியே வந்தவர்கள் வாசலில் சொன்னதே அந்தப் படத்தை அடுத்தடுத்த நாட்களில் பெரிதாக்கியது. அந்த மக்களின் பேச்சைக் கேட்டபோது, 'லேக்', 'கனெக்ட்' என்ற சொற்கள் குறைந்து, "எங்க பக்கத்து வீட்டுக்காரங்க ஞாபகம் வந்துச்சு" போன்ற வாக்கியங்கள் வந்ததை நான் கவனித்தேன். மூன்று நாள் தடை இருந்திருந்தால், பக்கத்து அரங்கில் ஓடிய பெரிய படத்துக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. இந்தப் படம்தான் பேச்சற்றுப் போயிருக்கும்.

ஆகவே மைக்கை வாசலில் இருந்து அகற்றும்படி கேட்பதைவிட, அதைப் பிடித்திருக்கும் இளைஞர்களிடம் இரண்டு விஷயங்களைக் கேட்கவே நான் விரும்புகிறேன். அவர்களில் பலர் ஊடகக் கல்வி முடித்து, குறைந்த சம்பளத்தில், வெயிலில் நின்று உழைக்கிறவர்கள். அவர்கள் கேட்கும் கேள்வியை மாற்றினாலே கிடைக்கும் பதில் மாறும். 'படம் எப்படி இருக்கு' என்று கேட்டால் தீர்ப்புத்தான் வரும். 'எந்த இடத்தில் உங்களுக்கு என்னவோ செய்தது', 'யார்மேல் கோபம் வந்தது', 'எந்தக் காட்சியில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தீர்கள்' என்று கேட்டால், பதில் சொல்லுகிறவர் 'லாம்' விகுதியை விட்டுத் தன்மைக்குத் திரும்பியாக வேண்டியிருக்கும். இரண்டாவது, வெள்ளிக்கிழமை வந்த அதே வாசலுக்குத் திங்கட்கிழமை மேட்னி முடியும் நேரத்திலும் ஒரு தடவை வந்து நிற்க வேண்டும். அப்போது கூட்டம் குறைவு, தள்ளுமுள்ளு இல்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கும் ஒரு வயதான பெண்மணி, பார்த்த கதையை அப்போதே சொல்லத் தொடங்கியிருப்பார்.